உழைச்செல்வானும் கங்காணியும்

பயணம் போகிறவரை வழியனுப்பும்போது, "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று சொல்லுவது நம் வழக்கம். அன்பின் மிகச் சாதாரணமான சொல் அது. இதே சொல்லை ஓர் அரசாங்கமோ, ஒரு வைத்தியசாலை நிருவாகமோ, ஒரு காப்புறுதிக் கம்பெனியோ நம்மை நோக்கிச் சொல்லும்போது அதன் பொருள் யாது? அங்கும் அது அன்பின் சொல்தானா? அன்றி, "இனி உன் பாடு, எம்மிடம் வராதே" என்பதைக் கண்ணியமாகச் சொல்லும் முறையா? தொலைபேசி வழியும் இணைய வழியும் நோயாளரைக் கவனிக்கும் தொலை மருத்துவ முறைகள் பெருகிவரும் இக்காலத்தில், நாட்பட்ட நோயுற்றோர் தம் நோயைத் தாமே பேணிக்கொள்ள வேண்டும் என்னும் கோட்பாடு பல நாடுகளில் சுகாதாரக் கொள்கையாகவே வகுக்கப்பட்டுவிட்டது. அக்கோட்பாட்டின் அறத்தை ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இருதயத் தளர்ச்சி, நாட்பட்ட சுவாச நோய் ஆகியவை காய்ச்சலைப்போல வந்து போவன அல்ல. வந்தபின் வீட்டில் ஒருவராகவே குடியிருப்பன. நீரிழிவுடைய ஒருவர் மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறார் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் வைத்தியர் அவருடன் கால் மணி நேரம் செலவிடுகிறார் என்றும் கொள்வோம். (நம் நாட்டுக் கிளினிக்குகளில் அவ்வளவு நேரம் கிடைத்தால் அது பெரும்பேறு.) ஆண்டு முழுவதும் சேர்த்தால் 3 மணி நேரம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். எஞ்சிய 8,757 மணி நேரமும் அவருடைய வைத்தியர் அவரே. என்ன உண்பது, எப்போது ஊசி ஏற்றுவது, கால் விரலிடுக்கில் தோன்றிய புண்ணைப் பொருட்படுத்துவதா விடுவதா என்பனவற்றையெல்லாம் அவரே தீர்மானிக்கிறார். ஆகவே தன் நோயைத் தானே பேணுதல் என்பது எந்த அமைச்சும் நமக்கு வழங்கிய வரம் அன்று. அது நாட்பட்ட நோயின் இயல்பு. அந்த 8,757 மணி நேரமும் நோயாளர் அறிவோடும் துணையோடும் இருக்கிறாரா, இருளிலும் தனிமையிலும் இருக்கிறாரா என்பதே கேள்வி.

இவ்வறிவு நோயாளர் கைக்கு எளிதில் வந்து சேர்ந்ததன்று. அமெரிக்க வைத்தியர் எலியட் ஜோஸ்லின் 1918ஆம் ஆண்டில் நீரிழிவு பற்றிய ஒரு கைந்நூலை வெளியிட்டார். வைத்தியரும் நோயாளியும் ஒருங்கே பயன்படுத்துவதற்கானது என்று அதன் தலைப்பிலேயே குறித்திருந்தார். இன்சுலின் நோயாளருக்கு ஏற்றப்படத் தொடங்கியது 1922இலேதான். அதற்கு முன்பே, நோயாளரைக் கற்பிக்காமல் இந்நோய்க்கு வைத்தியம் இல்லை என்பதைக் கண்டுகொண்டவர் அவர். ஆயினும் அவரைப் போன்றோர் சிலரே. அரை நூற்றாண்டு கழித்தும் நிலைமை எவ்வாறிருந்தது என்பதற்கு ரிச்சர்ட் பேர்ன்ஸ்டைன் என்னும் பொறியியலாளரின் கதை சான்று பகரும்.

பன்னிரண்டு வயது முதல் நீரிழிவோடு வாழ்ந்தவர் பேர்ன்ஸ்டைன். 1969ஆம் ஆண்டில் ஓர் உபகரண விளம்பரம் அவர் கண்ணிற் பட்டது. ஒரு துளி குருதியைக் கொண்டு ஒரு நிமிட நேரத்திற் சர்க்கரையின் அளவைக் காட்டும் கருவி அது. விலை சுமார் 650 டொலர். விலை ஒரு தடையாக இருக்கவில்லை. ஆனால் அக்கருவியை வைத்தியர்களுக்கும் வைத்தியசாலைகளுக்குமன்றி நோயாளர்களுக்கு விற்பதில்லை என்பது விதி. அவருடைய மனைவி ஒரு வைத்தியராக இருந்தபடியால் அவர் பெயரில் வாங்கினார். தன் குருதியிற் சர்க்கரை எவ்வளவு என்பதை அறிவதற்கு ஒரு மனிதன் மனைவியின் பெயரைக் கடன் வாங்க வேண்டியிருந்தது! நாள்தோறும் பலமுறை அளந்து, உண்பதற்கும் ஊசிக்கும் சர்க்கரையின் ஏற்ற இறக்கத்துக்கும் உள்ள தொடர்பைத் தாமே கண்டறிந்தார். அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பியபோது வைத்திய சஞ்சிகைகள் அதனை ஏற்கவில்லை. எழுதியவர் வைத்தியர் அல்லர் அன்றோ! அவர் தமது நாற்பத்தைந்தாம் வயதில் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து வைத்தியரானார். 2025ஆம் ஆண்டிற் காலமானபோது அவருக்கு வயது தொண்ணூறு. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் வீட்டில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். அவ்வழக்கத்துக்கு வழிகோலியவர்களில் அவர் முதன்மையானவர்.

அறிவும் கருவியும் ஒரு தொழில்வகுப்பாரின் தனிச் சொத்தாக இருத்தல் கூடாது என்பதே இக்கதை நமக்கு உணர்த்துவது. 2013ஆம் ஆண்டில் ஜோன் கொஸ்டிக் என்னும் மற்றோர் அமெரிக்கப் பொறியியலாளர், நீரிழிவுற்ற தம் சிறு மகனின் உடலிற் பொருத்திய கருவி காட்டும் அளவைத் தாம் வேலைத்தலத்தில் இருந்தவாறே காண விரும்பினார். கம்பெனி அதற்கு வழி செய்திருக்கவில்லை. அவர் தாமே அதற்கான நிரலை எழுதினார். அதை இலவசமாகப் பிறருக்கும் கொடுத்தார். "நாம் காத்திருக்கப் போவதில்லை" என்பது அவ்வழியில் ஒன்றுகூடிய பெற்றோரினதும் நோயாளரினதும் முழக்கமாயிற்று. இத்தகைய தொலை மருத்துவத்தை எதிர்ப்பவன் மக்களின் அறிவை எதிர்ப்பவன் என்று சொல்ல நாம் தயங்கமாட்டோம்.

ஆனால் பேர்ன்ஸ்டைன் தாமே தேடிப் பெற்ற கருவியும், அமைச்சு ஒன்று பெட்டியில் வைத்து வீட்டு வாசலிற் கொண்டுவந்து இறக்கும் கருவியும் ஒன்றாகுமா?

இங்கிலாந்தில் 2008ஆம் ஆண்டு ஒரு பெரும் பரிசோதனை தொடங்கியது. கோர்ன்வால், கென்ற் ஆகிய மாவட்டங்களிலும் இலண்டனின் நியூஹம் பகுதியிலும் நீரிழிவு, இருதயத் தளர்ச்சி, நாட்பட்ட சுவாசத் தடை நோய் உடையோர் 3,230 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினரின் வீடுகளில் அளவைக் கருவிகள் பொருத்தப்பட்டன. குருதியமுக்கம், நிறை, சர்க்கரை, ஒட்சிசன் அளவு ஆகியன தொலைவிலிருந்த நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. ஏனையோர் வழமையான வைத்தியத்தையே பெற்றனர். 2011 டிசம்பரில் அரசாங்கம் முதற் பெறுபேறுகளை மிகுந்த ஆரவாரத்துடன் அறிவித்தது. மரணம் 45 சதவீதம் குறைந்தது, அவசர அனுமதிகள் 20 சதவீதம் குறைந்தன, ஐந்து ஆண்டுகளில் 30 இலட்சம் மக்களுக்கு இவ்வசதி கிட்டும் என்றெல்லாம் சொல்லப்பட்டது. பின்னர் வெளிவந்த விரிவான ஆய்வுகள் அத்தனை ஆரவாரமாக இல்லை. ஓர் ஆண்டுக்குள் இறந்தோர் கருவி பெற்றவருள் 4.6 சதவீதம், பெறாதவருள் 8.3 சதவீதம் என்பது மெய். அது சிறிய செய்தியும் அன்று. ஆனால் நோயாளரின் வாழ்க்கைத் தரத்திலோ மனக்கவலையிலோ வேறுபாடு காணப்படவில்லை. நலமான வாழ்வின் ஓர் ஆண்டைக் கூட்டுவதற்குச் சுமார் 92,000 பவுண் செலவாகிறது என்றும் கணிக்கப்பட்டது. அந்நாட்டில் அப்போது வழக்கமாக ஏற்கப்பட்ட வரம்பு 20,000 முதல் 30,000 பவுண்வரைதான்.

இவ்வெண்களைவிட நம் சிந்தனையைத் தூண்டுவது வேறொன்று. அப்பரிசோதனையிற் சேர மறுத்தவர்களையும், சேர்ந்து இடையில் விலகியவர்களையும் ஆய்வாளர் தேடிச் சென்று காரணம் கேட்டனர். கருவியைக் கையாளத் தெரியாது என்ற அச்சம் சிலருக்கு. அது எதிர்பார்க்கத்தக்கதே. வேறு சிலரோ, தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் திறன் தமக்கு உண்டு என்றும், இப்பெட்டி வீட்டுக்குள் வந்தால் தாம் நோயாளி, இயலாதவர் என்ற முத்திரை விழுந்துவிடும் என்றும் கருதினர். தமக்குப் பழக்கமான தாதியும் வைத்தியரும் இதனால் இல்லாமற் போய்விடுவார்களோ என்று அஞ்சியவர்களும் இருந்தனர். தன்பேணலுக்காக வகுக்கப்பட்ட திட்டத்தைத் தன்பேணலின் பெயராலேயே மக்கள் மறுத்தார்கள்! இதை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கருவியோடு வருவது எது, கருவி வந்ததும் போவது எது என்பதை அவர்கள் சரியாகவே மோப்பம் பிடித்தார்கள்.

இருதயத் தளர்ச்சி பற்றிய இரு பரிசோதனைகளை அருகருகே வைத்துப் பார்ப்போமாக. இந்நோயில் உடலில் நீர் சேரும். ஓரிரு நாளில் நிறை இரண்டு கிலோ கூடினால் அது மூச்சுத் திணறலுக்கு முன்வரும் எச்சரிக்கை. உரிய வேளையில் மருந்தைக் கூட்டினால் வைத்தியசாலைக்குப் போகாமலே தப்பலாம். தொலைவிலிருந்து கவனிப்பதற்கு இதனினும் ஏற்ற நோய் இல்லை எனலாம். அமெரிக்காவில், வைத்தியசாலையிலிருந்து அண்மையில் வீடு திரும்பிய 1,653 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2010இல் வெளிவந்தது. நோயாளர் நாள்தோறும் ஒரு தொலைபேசி இலக்கத்தை அழைக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட குரல் கேள்வி கேட்கும். பொத்தான்களை அழுத்தி விடை சொல்ல வேண்டும். வைத்தியர் அவ்விடைகளைப் பின்னர் பார்வையிடுவார். ஆறு மாதத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்டோரும் இறந்தோரும் இம்முறையில் 52.3 சதவீதம், வழமையான முறையில் 51.5 சதவீதம். யாதொரு பயனுமில்லை. ஏழில் ஒருவர் அந்த இலக்கத்தை ஒருமுறையேனும் அழைக்கவில்லை. அழைத்தவர்களும் நாட்செல்லச் செல்லக் குறைந்தனர். யாருமற்ற ஒரு குரலுக்கு நாள்தோறும் தன் மூச்சுத் திணறலை ஒப்புவிப்பதற்கு எவருக்குத்தான் மனம் வரும்?

ஜெர்மனியில் நடந்த பரிசோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. அதில் 1,571 பேர். அங்கும் நாள்தோறும் நிறை, குருதியமுக்கம், இருதய மின்பதிவு ஆகியன அனுப்பப்பட்டன. ஆனால் மறுமுனையிற் பெர்லின் நகரின் ஷரிட்டே வைத்தியசாலையில் ஒரு நிலையம் இருந்தது. அங்கே வைத்தியரும் தாதியரும் இரவும் பகலும் விழித்திருந்தனர். மாதம் ஒருமுறை நோயாளரைத் தாமே அழைத்துப் பேசினர். நோயைப் பற்றிக் கற்பித்தனர். குடும்ப வைத்தியரோடு கலந்து மருந்தை மாற்றினர். நூறு பேருக்கு ஓராண்டில் நிகழும் மரணம் அங்கே 11.3 இலிருந்து 7.9 ஆகக் குறைந்தது. இரண்டு நாடுகளும் இரண்டு நோயாளர் கூட்டங்களும் ஒன்றல்ல. எனவே வேறுபாடு முழுவதையும் ஒரே காரணத்தின் தலையிற் சுமத்தல் தகாது. ஆயினும் ஒரு முனையில் யந்திரக் குரல், மறு பரிசோதனையில் விழித்திருக்கும் மனிதர் என்பதைக் காணாதுவிடுவது நேர்மையாகாது. 2020இன் இறுதியில் ஜெர்மனியின் பொதுக் காப்புறுதித் திட்டம் இம்முறையை ஏற்றுக்கொண்டது. அங்கே தொலைவு கருவியாற் குறைந்தது. வைத்தியம் செய்தவர்கள் மனிதர்கள்.

தொலைவைக் கடத்தல் ஒன்றும் புதுமையன்று என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். ஒல்லாந்தின் லெய்டன் நகரில் ஐந்தோவன் என்னும் பேரறிஞர் 1905ஆம் ஆண்டிலேயே வைத்தியசாலை நோயாளரின் இருதய மின்னலைகளைத் தொலைபேசிக் கம்பி வழியே ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலிருந்த தம் ஆய்வுகூடத்திற் பதிவு செய்தார். கம்பியின் மறுமுனையில் ஐந்தோவன் இருந்தார் என்பதே அதன் சிறப்பு.

நம் முன்னோர் இதனை வேறுவிதமாகச் சிந்தித்திருந்தனர். திருக்குறளின் மருந்து அதிகாரம் இறுதியில் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுக்கிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றும் எவரும் சொல்லக்கூடியன. நான்காவதாக உழைச்செல்வான் என்று ஒருவனைச் சொல்லுகிறது. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து, மருந்தை வேளை தவறாது கொடுப்பவன். அவனைப் பணியாள் என்று ஒதுக்காமல், வைத்தியனோடும் மருந்தோடும் சமமாக ஓர் உறுப்பாகவே எண்ணிய அந்தத் தெளிவு வியத்தற்குரியது. இக்காலக் கொள்கை வகுப்போர் பலர் இந்நான்கில் முதலாவதையும் நான்காவதையும் ஒன்றாக்கிவிட்டனர். நோயாளியே உழைச்செல்வான்! நோயுற்றவனே தன் பக்கத்தில் தானே அமர்ந்திருக்க வேண்டும். ஒல்லாந்து நாட்டுத் தத்துவ அறிஞர் அனமரீ மோல் 2008இல் வெளியிட்ட நூலொன்றில், நீரிழிவுக் கிளினிக் ஒன்றை நெடுங்காலம் அவதானித்து, தெரிவு வேறு பராமரிப்பு வேறு என்று வாதிட்டார். தெரிவின் தருக்கத்தில் நோயாளி வாடிக்கையாளர். பொருளைத் தெரிந்து வாங்கியதும் கடைக்காரரின் கடமை முடிந்தது. பராமரிப்பிலோ முடிவு என்பதில்லை. இன்று பொருந்தியது நாளை பொருந்தாது. பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். இரண்டு ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இரு வேறு மொழிகளில் ஒரே உண்மை சொல்லப்பட்டதாகவே எமக்குப் படுகிறது.

உழைச்செல்வானின் இடம் வெறுமையாக இருப்பதில்லை. அவ்விடத்துக்கு வேறொருவர் வந்து சேர்கிறார். நம் மொழியில் தொலைவிலிருந்து அளவெடுப்பதைக் கண்காணிப்பு என்கிறோம். அச்சொல்லின் உடன்பிறப்பு ஒன்று மலையகத் தோட்டங்களில் நூறு ஆண்டுக்கு மேலாக வழங்கிவருவதை வாசகர் அறிவர். கண்காணி என்பதே கங்காணி ஆயிற்று. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நோகிறதா என்று பார்க்கவில்லை, வேலை நடக்கிறதா என்று பார்த்தார். பார்வை ஒன்றே, யாருக்காகப் பார்க்கிறது என்பதில்தான் பேதம்.

இது வெறும் சொல் விளையாட்டன்று. தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயுடையோருக்கு இரவில் முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் யந்திரம் ஒன்றுண்டு. அமெரிக்க அரசின் முதியோர் காப்புறுதியான மெடிகேர், அதற்குத் தொடர்ந்து பணம் கொடுப்பதற்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ச்சியான 30 நாளில், 70 சதவீதமான இரவுகளில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். யந்திரமே அக்கணக்கைக் காட்டிக்கொடுக்கும். முகமூடி மூச்சை முட்டியதோ, மூக்கடைப்பு வந்ததோ, இரவு வேலைக்குப் போக நேர்ந்ததோ, அவை அக்கணக்கில் இல்லை. பொதுப் பணம் வீணாகாமற் பார்ப்பது நியாயமே எனலாம். நியாயந்தான். ஆயினும் அந்த நோயாளி தன் படுக்கையில் யாரோடு உறங்குகிறார்? தாதியோடா, கணக்கப்பிள்ளையோடா?

இங்கேதான் பொறுப்பு என்னும் அறவியற் பிரச்சினை முழு உருவில் எழுகின்றது. ஒருவனால் இயலாத ஒன்றை அவன் கடமையாக்குதல் நியாயமன்று என்பது காண்ட் முதலான தத்துவ ஆசிரியர்கள் வற்புறுத்திய நெறி. கடமை என்று சொல்வதற்கு முன் இயலுமை வேண்டும். இயலுமை மனத்திடத்தால் மட்டும் வருவதன்று. பணம், நேரம், சமையலறை, துணை, உறக்கம் ஆகியவற்றால் ஆவது. மூன்று நாட்பட்ட நோயுடைய ஒருவர் தமக்கு விதிக்கப்பட்ட மருந்துகள், அளவைகள், பயிற்சிகள், கிளினிக் நாட்கள் அனைத்தையும் ஒழுங்காகச் செய்வாரானால் அதுவே ஓர் உத்தியோகம் ஆகிவிடும். கார்ல் மே, விக்டர் மொன்ரோறி, பிரான்சிஸ் மெயர் என்னும் மூவர் 2009இல் இதனைச் சிகிச்சையின் சுமை என்று குறித்து, நோயாளரின் வாழ்வை மிகக் குறைவாகக் குலைக்கும் மருத்துவமே வேண்டும் என்றனர். நாம் அதனை இன்னும் வெளிப்படையாகச் சொல்வோம். அது உழைப்பு. கூலியற்ற உழைப்பு. முன்னர் வைத்தியசாலையில் சம்பளம் பெற்ற ஒருவர் செய்த அளவெடுப்பு, பதிவு, நினைவூட்டல் யாவும் இப்போது வீட்டிற் சம்பளமின்றி நடக்கின்றன. பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கையால் நடக்கின்றன. பிழைத்தால் பழி மட்டும் நோயாளியின் கணக்கில் வரவு வைக்கப்படும்.

பழிக்கு அஞ்சும் இடத்தில் உண்மை தங்காது. எமக்குத் தெரிந்த ஒரு தாய் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் தனியே வசிக்கிறார். கனடாவிலுள்ள மகன் ஒரு குளுக்கோமீற்றர் வாங்கி அனுப்பியிருக்கிறார். ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் அழைத்து, "இண்டைக்கு எவ்வளவம்மா?" என்று கேட்பார். "நூற்றி இருபது" என்பார் தாய். அநேகமாக எல்லா நாளும் நூற்றி இருபதுதான். அளக்கும் பட்டிகள் தீர்ந்து இரண்டு மாதமான பின்பும் நூற்றி இருபது. ஏனம்மா இப்படி என்று நாம் கேட்டோம். "கூடச் சொன்னால் அவன் ஏசுவான் தம்பி. பிறகு தானும் நித்திரை கொள்ளமாட்டான். அங்கை விடிய வேலைக்குப் போறவன்" என்றார். கிளினிக்கில் குருதி எடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து நல்ல பிள்ளையாகிவிடும் வழக்கமும் நம்மிடையே புதிதன்று. எண்ணைத் தண்டனையாக்கிய சமூகம் பொய் எண்ணையே பெறும்.

தொலை மருத்துவம் நம் நாட்டிற் கால்கொள்ளத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில் இவற்றை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு கொவிட் ஊரடங்கின்போது அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குகளின் மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. நெருக்கடி வேளையில் அரசு கை நீட்டிய ஒரு நற்செயல் அது. மாறாக 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அடிப்படை மருந்துகளே அரிதாயின. அவ்வேளையில் குருதியமுக்கம் எவ்வளவு என்று துல்லியமாக அறிந்திருந்தவருக்கு அவ்வறிவாற் கிடைத்தது என்ன? நோயாளிக்கு அறிவைக் கொடுத்து மருந்தைக் கொடாதிருத்தல், பசித்தவனுக்குப் பசியின் அளவைச் சொல்லுதல் போன்றது.

மலையகத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிளினிக்குக்குப் போகும் நாளில் அவருக்குப் பேர் இல்லை, அதாவது அன்றைய கூலி இல்லை. மலையிறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, மாலையில் திரும்ப வேண்டும். அவருக்குத் தொலை மருத்துவம் உண்மையான விடுதலையாகலாம், ஒரு நாட் கூலியும் ஒரு நாள் அலைச்சலும் மிஞ்சும். இதை நாம் மனதார வரவேற்கிறோம். ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் எந்த மொழி பேசப்படும்? கிளினிக்கில் நேரிற் போனால் மொழி தெரியாவிடினும் வலிக்கும் இடத்தைக் கையாற் காட்டலாம், வீங்கிய காலை நீட்டலாம். தொலைபேசியில் மொழி ஒன்றே உடம்பு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஏட்டிலுள்ள அவ்வுரிமை இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டும் ஒரு தொழிலாளியின் காதில் தமிழாக ஒலிக்குமா என்பதே நம் கவலை. சோற்றைக் குறை, மரக்கறியைக் கூட்டு என்னும் அறிவுரையும் அவ்வாறே. கோதுமை மா ரொட்டியும் தேநீரும் உணவான லயத்து அறையில் நின்று அவ்வறிவுரையைக் கேட்பவரைச் சொல்வழி கேளாதவர் என்று பதிவேட்டில் எழுதுவது எளிது. அவர் கூலியை அப்பதிவேட்டில் எவரும் எழுதுவதில்லை.

மறுமுனையில் மனிதரை வைப்பதற்கு நம்மிடம் வசதியில்லை என்பார் உளர். இந்நாட்டின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. அதன் வழி வளர்ந்த முறையில், கருவுற்ற தாயின் வீட்டுக்கு மருத்துவமாது நடந்து போகிறார். சேயின் நிறையை எடுக்கிறார், அட்டையிற் குறிக்கிறார். குறைந்திருந்தால் ஏசிவிட்டுப் போவதோடு நில்லாமல், அடுத்த வாரம் மறுபடியும் வருகிறார். அவரும் கண்காணிப்பவர்தான். ஆனால் அவர் கங்காணி அல்லர் என்பதை ஒவ்வொரு கிராமத்துத் தாயும் அறிவாள். செல்வ நாடுகளே வியக்கும் அளவுக்குத் தாய் சேய் மரணத்தை இச்சிறு நாடு குறைத்தமைக்கு அப்பெண்களின் நடை ஒரு பெருங் காரணம். தாய்க்கும் சேய்க்கும் உரிய அந்த உழைச்செல்வார், அறுபது வயதிற் சர்க்கரையோடு தனித்திருக்கும் முதியவருக்கு ஏன் இல்லை? அத்தகையோரின் கையில் ஒரு தொலைபேசியைக் கொடுத்தால் அவர் முன்பு இருபது வீட்டுக்குப் போன நேரத்தில் நாற்பது வீட்டைக் கவனிக்கலாம். தொலைபேசியைக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நிகழ்வது வேறு. கருவி ஒன்றே. வரவு செலவுத் திட்டத்தில் அது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பதைப் பார்த்தால், ஆட்சியாளரின் அறம் எது என்பது விளங்கிவிடும்.

யாழ்ப்பாணத்துத் தாயிடம் நாம் இன்னொன்றும் கேட்டோம். இனிமேல் கிளினிக்குக்குப் போகவேண்டியதில்லை, வீட்டிலிருந்தே எல்லாம் தொலைபேசியில் முடியும், மருந்தும் தபாலில் வரும் என்று ஒழுங்கு செய்தால் நல்லதுதானே என்றோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. கிளினிக் நாளில் அவர் விடியமுன் எழுந்து, தோய்ந்து, நல்ல சேலை உடுத்து, கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நிற்பார். இலக்கம் எடுத்துவிட்டு வேப்பமரத்தின் கீழ் அமர்ந்தால், மாதம் ஒருமுறை காணும் நாலைந்து முகங்கள் அங்கே வரும். ஒருவர் வராவிட்டால் விசாரிப்பார்கள்.

"அலைச்சல் மிச்சந்தான் தம்பி," என்றார். பிறகு, "மருந்து தபாலிலை வரட்டும். ஆனால் நான் வராட்டில் ஏன் வரேல்லை எண்டு கேக்க அந்தப் பக்கத்திலை ஆரும் இருப்பினமோ?" என்று கேட்டார்.